ஏலக்காய் போலக் கட்டிய சட்டை

எனக்கு வாய் நீளம். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் இதைச் சொல்வார்கள். வேலை தெரிந்தவள் என்பதை அப்புறம்தான் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாகத் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில், ரத்தம் பட்ட துணிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். காவல் நிலையங்களிலிருந்து வரும் பொட்டலங்களைப் பிரிக்கும்போது என் வாயில் வரும் முதல் வார்த்தை பெரும்பாலும் வசவுதான். "எந்த மகராசன்யா இதைக் கட்டினது?" என்று கத்துவேன். கட்டிய மகராசன் எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்து மேசைக்காரர்களின் காதுதான் புண்ணாகும்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. ரத்தக் கறை பட்ட துணியை எப்படி எடுத்து வைப்பது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஈரமாக இருந்தால் முதலில் நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் உலர்த்த வேண்டும். வெயிலில் போடக் கூடாது, நெருப்புக் காட்டக் கூடாது. ஒரு கறை இன்னொரு கறைமேல் ஒட்டாமல் நடுவில் வெள்ளைத் தாள் வைத்து மடிக்க வேண்டும். காகித உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, யார் எடுத்தது, எங்கே எடுத்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று வரிசையாக எழுத வேண்டும். ஈரத் துணியைப் பாலிதீன் பையில் மட்டும் போடவே கூடாது. உள்ளே வேர்க்கும். வேர்த்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும். நாங்கள் தேடுகிற டி.என்.ஏ.வை அவை துண்டு துண்டாக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் போட்டாலும் வரைபடத்தில் ஒரு மேடுகூட வராது. நான் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புவேன்: 'பகுப்பாய்வுக்கு உகந்த நிலையில் இல்லை.'

புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர்களுக்கு வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு என்றால் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அவர்களை எழுப்புவதற்கென்று ஒரு ஜோக் வைத்திருந்தேன். "நான் போடிக்காரி. எங்க ஊர்ல எது ஒசத்தியோ அதப் பாலிதீன் பைல போட்டு, வாய முறுக்கி, மடக்கி, கயிறு போட்டு இறுக்கிருவோம். ஏலக்காய்க்கு அது சரி. கொலைக் கேசு சட்டையையும் அப்பிடிக் கட்டிக் கொண்டாந்தீங்கன்னா, ஒங்களையும் சேத்து ஏலத்துக்கு அனுப்பிருவேன்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வருடக்கணக்காக அந்த ஜோக்கைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் அக்காவின் கைகள்தான் ஞாபகத்தில் வரும்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், தரம் பிரிக்கும் வேலை. மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் சலித்து, பச்சையைத் தனியாக, வெளுத்ததைத் தனியாக, வெடித்ததைத் தனியாக ஒதுக்குவது, கடைசியில் மூட்டை கட்டுவது. உள்ளே பாலிதீன் லைனர், வெளியே சாக்கு. அவள் கட்டிய மூட்டையைப் பல மாதம் கழித்துப் பிரித்தாலும் நேற்றுக் கட்டிய மாதிரி மணம் அடிக்கும். நான் ஊருக்குப் போய்விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கால் கிலோ காயைச் சின்ன லைனரில் போட்டு, அதே மாதிரி முறுக்கி, மடக்கிக் கட்டிக் கையில் கொடுப்பாள். "வேணாங்க்கா, போன தடவ குடுத்ததே இருக்கு" என்றாலும் விடமாட்டாள். "கெட்டுப் போற சாமானா? கொண்டு போடி" என்பாள்.

அவள் வீட்டுக்காரர், என் மச்சான், அப்போது சொந்தமாக ஒரு ஜீப்பு வைத்திருந்தார். காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். இடையில் லோடு கிடைத்தால் அதையும் அடிப்பார். நல்ல மனுஷன், கோபக்காரர். கோபத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். ஒரு தோட்டத்து சூப்பர்வைசரோடு அவருக்குத் தகராறு. ஜீப்பு கொள்ளாத அளவுக்குப் பெண்களை ஏற்றச் சொல்லி அந்த ஆள் வம்பு பண்ண, இவர் முடியாது என்று சொல்ல, மலையடிவாரத்து முந்தல் டீக்கடை முன்னால் பத்துப் பேர் பார்க்க வாய்ச்சண்டை ஆகிவிட்டது. "ஒன்னைய ஒருநாளு பாத்துக்கிறேன்டா" என்று மச்சான் கத்தியிருக்கிறார். ஊரில் ஒருநாளைக்கு ஒன்பது பேர் அப்படிக் கத்துகிறார்கள், ஒருத்தனும் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் இவர் கத்தியது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் லோடு ஏற்ற மச்சான் தனியாக மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் அதே சூப்பர்வைசர் ரத்தத்தில் கிடக்கிறார். அவர்மேல் குனிந்து ஒருவன் பையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான், கையில் அரிவாள். மச்சான் பாய்ந்து அவனைப் பிடித்திருக்கிறார். இழுபறியில் அரிவாள் திரும்பி அவன் உள்ளங்கையையே கிழித்துவிட்டது. ரத்தக் கையால் மச்சானின் வலது கைச் சட்டையைப் பற்றி இழுத்துத் தள்ளிவிட்டு, அரிவாளோடு சரிவில் இறங்கி மழைக்குள் ஓடிவிட்டான். முகத்தில் துணி கட்டியிருந்ததால் யார் என்று தெரியவில்லை. மச்சான் சூப்பர்வைசரைத் தோளில் தூக்கி ஜீப்பில் போட்டு, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். போலீஸ் வந்தது. நடந்ததைச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அப்போது அவர் சாட்சி. சாட்சியின் சட்டையை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அக்கா எனக்குப் போன் போட்டாள். மறுநாள் வேறொரு வழக்கில் நான் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பொல்லாதவர். குறுக்கு விசாரணையில் போன முறை என்னைத் திணறடித்திருந்தார். அந்தக் கோப்பை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு முறை நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"ஏண்டி, ஒன் மச்சான் சட்டையெல்லாம் ரத்தமா வந்தாருடி, இப்பத்தான் குளிக்கப் போனாரு" என்று அழுதாள். அழுகையோடு அழுகையாக நடந்ததைச் சொல்லி முடித்தாள். "வலது கையில அந்தப் பய புடிச்ச தடம் அப்பிடியே இருக்குடி. நாலு வெரலும் தெரியுது."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நெஞ்சிலும் தோளிலும் இருப்பது தூக்கி வந்தபோது பட்ட சூப்பர்வைசரின் ரத்தம். வலது கையில் இருப்பது வெட்டியவனின் ரத்தம். அந்த நாலு விரல் தடம் ஒன்று போதும். வெட்டியவன் வேறொருவன் என்று அது சொல்லிவிடும்.

"தொவைச்சிட்டியா?"

"இல்லடி. வாளியில போடப் போனேன், அதுக்குள்ள ஒனக்குப் போட்டுப் பாப்போம்னு தோணுச்சு."

"தொவைக்காத. யாரும் தொடவும் கூடாது. பத்திரமா கட்டி வையி."

"எப்பிடிடி கட்டுறது?"

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை வகுப்பில் பதில் சொல்லியிருக்கிறேன்! படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் கண் கோப்பில் இருந்தது. "அக்கா, நாளைக்குக் கோர்ட்டு, தலைக்கு மேல சோலி கெடக்கு. முப்பது வருசமா ஏலக்கா கட்டுறேல்ல? அப்பிடிக் கட்டு. இதையுமா சொல்லித் தரணும்?"

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மழையில நனைஞ்சு ஒழுகுதுடி. ஈரத்தோட கட்டுனா பூத்துப் போகாதா?"

எழுதும்போதே கை கூசுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவள் அவள். பூஞ்சை என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை, பூத்துப் போகும் என்றாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஏலக்காயை உலர்த்தாமல் போடியில் எவரும் கட்ட மாட்டார்கள். அதாவது, வருடக்கணக்காக நான் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்த ஜோக்கே தப்பு. ஈரத்தைப் பற்றி அவளுக்கு இருந்த ஞாபகம் எனக்கும் அன்றைக்கு இருந்திருந்தால் போதும், நான் பிழைத்திருப்பேன்.

நான் சொன்னது இதுதான்: "அது ஏலக்கா, இது கேசு. காய வைக்கிறேன்னு கொடியில போடுவ, போறவன் வர்றவன் எல்லாம் தொட்டு வைப்பான். சொன்னதச் செய்யி."

"அப்ப ஈரத்தோடயே லைனர்ல போட்டுக் கட்டிரவா?"

"ஆமா, கட்டு. வெரசா கட்டி பீரோவுல வையி. ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன்."

"சரிடி, கோவிக்காத" என்று வைத்துவிட்டாள்.

லைனர் என்ற சொல் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருக்கிறது. அன்றைக்கே சட்டையைப் போலீசில் ஒப்படைத்து ரசீது வாங்கு என்றல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? பத்து வார்த்தைகூட ஆகாது. அதைச் சொல்ல எனக்கு நேரமில்லை. ஆனால் திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. கோர்ட்டில் நன்றாகச் சாட்சி சொல்லிவிட்ட சந்தோஷம், கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணம், அங்கே போய்விட்டேன். நடுவில் ஒருநாள் அக்கா போன் போட்டு, "சட்ட பத்திரமா இருக்குடி" என்றாள். "சரிக்கா, சரிக்கா" என்றேன். சூப்பர்வைசர் கண் திறக்காமலே எட்டாம் நாள் இறந்துபோனார். வெட்டியவன் கிடைக்கவில்லை, அரிவாளும் கிடைக்கவில்லை. டீக்கடைச் சண்டையைப் பார்த்த பத்துப் பேரில் யாரோ ஒருவர் ஸ்டேஷனில் போய் வாயைத் திறந்தார். அதோடு மச்சான் சாட்சி இல்லை, சந்தேகப்படும் ஆள் என்று ஆகிவிட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்சில் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "அன்னைக்குப் போட்டிருந்த சட்ட எங்கம்மா?" என்றார். அக்கா முகத்தில் அப்படியொரு தெம்பு. "பத்திரமா இருக்கு சார்" என்று பீரோவைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். வாயை முறுக்கி, மடக்கி, சணல் கயிறு போட்டு இறுக்கிய கட்டு. அவள் கட்டு அவிழவே அவிழாது.

எனக்கு அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாலிதீனின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. அதற்குப் பின்னால் சட்டை கருப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இன்ஸ்பெக்டர் கயிற்றைத் தளர்த்தியதும் வந்த நாற்றத்தில் கூட வந்த போலீஸ்காரர் வாசலுக்குப் போய்விட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"யாரும்மா இப்பிடிக் கட்டச் சொன்னது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் சந்தேகத்தைவிட எரிச்சல்தான் இருந்தது. எனக்கு மிகவும் பழக்கமான எரிச்சல்.

அக்கா என்னைப் பார்த்தாள். அரை நொடிதான். "யாரும் சொல்லல சார். நானாத்தான் கட்டுனேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் நீளம் என்று சொன்ன வாய்.

அவர்கள் சட்டையை எடுத்துக்கொண்டு, மச்சானையும் கூட்டிக்கொண்டு போன பிறகு அக்கா அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போனேன். "ஏங்க்கா அப்பிடிச் சொன்ன?" என்றேன்.

"கவருமெண்டு ஆய்வகத்துல இருக்குறவ வீட்டுக் கேசுல யோசனை சொன்னான்னு ஒன் வேலைக்கு ஒல வச்சிட்டா? இங்க ஒருத்தரு மாட்டுனது போதும்" என்றாள். என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி மகள்.

சட்டை எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வர வேண்டும். இது என் குடும்பத்து வழக்கு என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அக்கா அன்றைக்கு எனக்குப் போன் போட்டதை மட்டும் அதில் எழுதவில்லை. அங்கே என்ன நடக்கும் என்று எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். ஈரப் பஞ்சுக் குச்சியால் கறையைத் துடைத்து மருந்துச் சொட்டு விடுவார்கள். ரத்தமாக இருக்கலாம் என்றால் சில நொடியில் ரோஜா நிறம் வரும். பிறகு அது மனித ரத்தம்தானா என்று பார்ப்பார்கள். அப்புறம் கறை பட்ட நூலைத் துணுக்குத் துணுக்காக வெட்டி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, லட்சக்கணக்கில் நகல் எடுத்து, இயந்திரத்தில் ஓட்டினால் வரைபடத்தில் மேடு மேடாக வரும். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு வரிசை. இருவர் ரத்தம் கலந்திருந்தாலும் பெரும்பாலும் பிரித்துப் படித்துவிடலாம். நான் எத்தனையோ குடும்பத்துக்கு அப்படிப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கை வர ஐந்து மாதம் ஆனது. அது 'ஒன்றுமே தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நெஞ்சுப் பகுதியில் ரத்தம் கெட்டியாக உறைந்திருந்ததால் அழுகலுக்கு நடுவிலும் அரைகுறையாக மேடுகள் கிடைத்திருக்கின்றன. அவை இறந்தவருடையவை. வலது கையில் மெல்லிசாக ஈஷியிருந்த தடத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. விரல் வடிவம்கூடப் பூஞ்சையில் கரைந்துவிட்டது. நான் நூறு முறை எழுதிய அதே வரி: 'வலது கைப் பகுதி பகுப்பாய்வுக்கு உகந்த நிலையில் இல்லை.' ஆக, மச்சானைக் காப்பாற்ற வேண்டிய பாதி அழிந்து, அவரை மாட்டிவிடும் பாதி பிழைத்துக்கொண்டது.

அந்த வரியை நான் மற்றவர்களுக்காக எழுதியபோது, அதைப் படிக்கப் போகிறவர்கள் யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போலீசும் வக்கீலும் படிப்பார்கள் என்று நினைத்தேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். எத்தனை வீட்டில் எத்தனை அக்காக்கள் அந்த வரியை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார்களோ, தெரியவில்லை.

வழக்கு நடந்தது. மச்சான் நாலு மாதம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்திருந்தார். எங்கள் தரப்பில் அக்காவைச் சாட்சியாக ஏற்றினார்கள். அரசு வக்கீல் எழுந்து, "ரத்தச் சட்டையை எட்டு நாளுக்கு மேல் பாலிதீன் பையில் கட்டி, பீரோவுக்குள் ஒளித்து வைத்தது ஏன்?" என்று கேட்டார்.

"ஒளிச்சு வைக்கல சார். கெட்டுப் போகக் கூடாதுன்னு கட்டி வச்சேன்."

"யார் சொல்லிக் கட்டினீர்கள்?"

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரும் சொல்லல" என்றாள் அக்கா.

எழுந்து நின்று, நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீலிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். முறைப்படி கூண்டில் ஏற்றியிருப்பார். அப்படிச் சொல்லியிருந்தால் தடயத்தை ஒளித்தார்கள் என்ற பழியாவது போயிருக்கும். எனக்கு மெமோ வந்திருக்கும், கூடிப்போனால் வேலை போயிருக்கும். நான் அதையெல்லாம் நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அவசரத்தில் நடந்த தப்பு என்று போனில் பேசியதைச் சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

தீர்ப்பில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். அரிவாள் கடைசிவரை கிடைக்காததும், மச்சானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததும் காப்பாற்றின. அக்கா கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் சந்தேகத்தின் பலன் கோர்ட்டோடு சரி, ஊருக்கு வந்து சேர்ந்தது சந்தேகம் மட்டும்தான். குற்றம் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லையே! "தப்பிச்சிட்டான்" என்றுதான் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு ஜீப்புக்கு மாறினார்கள். மச்சான் ஒருநாள் காலையில் வெறும் ஜீப்போடு நின்றுவிட்டு, மறுவாரம் அதை விற்றுவிட்டார். இப்போது மலைக்கு மேலே, கேரளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார்.

வந்தால் அக்காவுக்குத் திட்டு விழும். குழம்பில் உப்புக் குறைந்தாலும் பேச்சு கடைசியில் சட்டையில்தான் போய் முடியும். "ஒன்னாலதான்டி. கெட்டுப் போகாம வைக்கத் தெரியாம கெடுத்துட்டியே." அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு மூன்று முறை நான் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையத் திட்டுனா மறுநாளே பேசிருவாரு. ஒன் மேல கோவம் வந்தா, இந்த வீட்டு வாசப்படி ஒனக்கு இல்லாமப் போயிரும்டி. எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?" என்றாள். அதைக் கேட்டு அடங்கிப்போனேன். அடங்கிப்போவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இப்படியே ஆறு வருடம் ஓடியது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதாவது நானும் மச்சானும் உட்கார்ந்தோம், அக்கா பரிமாறினாள். மச்சான் நல்ல மனநிலையில் இருந்தார். ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன், காய் சரியாகக் காய்வதற்கு முன்னால் எடுத்து மூட்டை கட்டிவிட்டானாம். முதலாளி மலையாளத்தில் வைத வசவை அப்படியே நடித்துக் காட்டினார். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

"ஈரத்தோட கட்டுனா பூத்துப் போகும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் ஆத்தா" என்றார் என்னிடம். சொன்னதும் அவர் முகம் மாறியது. பேச்சு எங்கே போகப் போகிறது என்று எனக்கும் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அக்கா ரசச் சட்டியை எடுக்கக் குனிந்தாள்.

"முப்பது வருசம் கிட்டங்கியில உக்காந்தவளுக்குத் தெரியல பாரு. சரி, தெரியல. ஒந் தங்கச்சி இதுக்குன்னே படிச்சவ, ஒரு போன் போட்டு எப்பிடிக் கட்டுறதுன்னு கேக்கணும்னாச்சும் தோணுச்சா ஒனக்கு? ஒரே ஒரு போனு."

அக்கா என் தட்டில் ரசம் ஊற்றினாள். கண்ணை மட்டும் லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. என்னையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் ரசம் தட்டுக்கு வெளியே சிந்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை.

"போட்டா மச்சான்" என்றேன். "அன்னைக்கே போட்டா. ஈரமா இருக்கே, பூத்துப் போகாதான்னும் கேட்டா. நாந்தான் பேசாமக் கட்டுன்னு திட்டுனேன்."

மச்சான் கை தட்டில் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தார்.

"ஏண்டி, ஆறு வருசமா ஒன்னையத் திட்டிருக்கேனேடி" என்றார்.

"திட்டுனா என்ன, தேஞ்சா போயிட்டேன்? சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா தட்டுகளை எடுத்தாள். தரையில் சிந்திய ரசத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, நிமிராமல், "அவரு வர்றதுக்குள்ள கெளம்பிரு. நாலு மணிக்குப் பஸ்சு இருக்கு" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் வெளியே வரவில்லை. அன்றைக்கு அவள் எனக்கு ஏலக்காய் கட்டித் தரவில்லை. தை போய், ஆடி முடிந்து, இப்போது மறுபடியும் ஐப்பசி மழை பெய்கிறது. அவள் இன்னும் எனக்குப் போன் போடவில்லை.